புத்தகத்தை மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகன் எங்கள் ஊர் அரசு உதவிபெறும் பள்ளியில், தமிழ் வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன். அவன் அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பையனைக் காலை நாலரை மணிக்கு எழுப்பிவிடுகிறேன். ஏழு மணி வரை படிப்பான். மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வந்தால், இரவு பதினொரு மணி வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். ஸ்லிப் டெஸ்டில் எல்லாம் நன்றாகத்தான் எழுதுகிறான். ஆனால் அரையாண்டுத் தேர்வில் 500க்கு 287தான் வந்திருக்கிறது. தமிழ் 68, ஆங்கிலம் 54, கணிதம் 41, அறிவியல் 63, சமூக அறிவியல் 61. பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறாள், அவளுக்கு 431. பள்ளியில் கேட்டால் ‘இன்னும் நேரம் போட வேண்டும்’ என்கிறார்கள். கணக்குப் பரீட்சை அன்று காலையில் வாந்தி எடுத்தான். இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்கிறேன்.

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

‘சொன்னபடி செய்கிறேன்’ என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு சுற்றி வளைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கேட்ட எண்ணையே முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் வீட்டில் இரண்டரை மணி நேரம். சனி, ஞாயிறு, மற்ற விடுமுறை நாட்களில் ஐந்து மணி நேரம். பொதுத்தேர்வின்போது இரண்டு தேர்வுகளுக்கு நடுவே வரும் விடுமுறையில் ஆறு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். காலை ஆறு மணிக்கு முன் அவனை எழுப்பக் கூடாது.

இருபத்தெட்டு ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தியதிலும், ஓய்வுக்குப் பிறகு மாணவர்களோடும் பெற்றோர்களோடும் உட்கார்ந்து பேசியதிலும் எனக்குக் கிடைத்த கணக்கு இது. இப்போது அவன் படிப்பதில் பாதிகூட வரவில்லையே என்று உங்களுக்குப் பகீரென்று இருக்கும். கொஞ்சம் பொறுத்து முழுவதும் படியுங்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. மாற்றிக்கொள்ளப் போதுமான காலம் அது.

படிப்பைப் பேசுவதற்கு முன் அந்த வாந்தியைப் பற்றிப் பேச வேண்டும். பதினைந்து வயதுப் பையன் கணக்குத் தேர்வன்று காலையில் வாந்தி எடுக்கிறான், தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போகிறான் என்றால், அவன் பயந்துபோயிருக்கிறான். நாலரை மணிக்கு எழுந்து உட்காருகிறவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டான், மதிப்பெண் வரவில்லை. இனி என்ன செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தப் பிள்ளையிடம் ‘இன்னும் நேரம் போடு’ என்பது, நீச்சல் தெரியாமல் தண்ணீரில் கையைக் காலை அடித்துக்கொண்டிருப்பவனிடம் ‘இன்னும் வேகமாக அடி’ என்று கரையில் நின்று கத்துவதைப் போன்றது.

இன்று இரவு அவனுக்குச் சோறு போடும்போது சொல்லுங்கள்: ‘நீ உழைப்பது எனக்குத் தெரியும், ராசா. படிக்கும் முறையைத்தான் மாற்றிப் பார்க்கப் போகிறோம்.’ தேர்ச்சிக்கு வேண்டிய 35 மதிப்பெண்ணை அவன் எல்லாப் பாடத்திலும் இப்போதே தாண்டியிருக்கிறான் என்பதையும் சொல்லுங்கள். கணக்கில் 41 வாங்கிய பையன்கள் பலருக்கு அது தோல்வி என்றே மனதில் பதிந்திருக்கும். ஒரு பாடத்தில் தவறியவர்களுக்கும் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைக்கூட 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. நம் வீடுகளில்தான் அந்தப் பந்தயம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

வயிற்றில் வேறு கோளாறு எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு வாரத்தில் பசி திரும்பவில்லை, இரவில் தூக்கம் வரவில்லை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது போலப் பேசுகிறான் என்றால் அதற்குப் பிறகு ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையின் எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பதைப் போலத்தான் இதுவும்.

இப்போது தூக்கம். பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது, அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. குறைந்த அளவான எட்டு மணி நேரத்தை வைத்துப் பார்த்தாலும் உங்கள் மகன் தினமும் இரண்டரை மணி நேரம் கடன்படுகிறான். வாரத்துக்குப் பதினேழரை மணி நேரம். பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பத்திரப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. அந்த நேரத்தை வெட்டி எடுத்துப் படிப்புக்குக் கொடுப்பது, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம்.

விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று என் பாட்டியும் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் எட்டு மணிக்குச் சாப்பிட்டு எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். நாலரைக்கு எழுந்தபோது எட்டு மணி நேரம் தூங்கி முடித்திருந்தார்கள். பாட்டி வாழ்ந்ததில் முன்பாதியை விட்டுவிட்டோம், பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதோடு, பருவ வயதில் உடம்பின் கடிகாரமே சற்றுத் தள்ளிப்போகிறது. தூக்கம் தாமதமாக வரும், தாமதமாகக் கலையும். நாலரைக்கு எழுந்து உட்காரும் பையனின் கண் திறந்திருக்கும். படிப்பு உள்ளே போவதில்லை.

சரி, காலையும் மாலையுமாக அந்த ஏழரை மணி நேரத்தில் அவன் என்னதான் செய்கிறான்? நேரில் பார்க்காவிட்டாலும் என்னால் ஓரளவு சொல்ல முடியும், ஏனென்றால் அவனைப் போன்ற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவனை மறக்கவே முடியாது. மூன்று மணிக்குப் பிறகு வகுப்பு இல்லாத ஒரு நாள், அவனுடைய கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். மூன்று நோட்டு கொண்டுவந்தான். அளவியல் பாடத்தில் கூம்பின் இடைக்கண்டத்துக்கு ஒரு கணக்கு, வாளியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது, பதினொரு முறை எழுதப்பட்டிருந்தது. முத்து முத்தான எழுத்து. விடைக்குக் கீழே சிவப்புப் பேனாவில் இரட்டைக் கோடு.

நோட்டை மூடி மேஜைக்குள் வைத்துவிட்டு, வராந்தாவில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியைக் காட்டினேன். ‘இதில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். என்னென்ன அளவு எடுப்பாய்?’ என்றேன். வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். உயரம் என்றான். நெடுநேரம் கழித்து ஆரம் என்றான். எந்த ஆரம் என்று கேட்டேன். குனிந்து பார்த்தான். வாளியின் வாய் அகலம், அடி குறுகல் என்பது அவன் கண்ணில் அப்போதுதான் பட்டது. வாயின் ஆரத்துக்குப் பெரிய ஆர் (R), அடியின் ஆரத்துக்குச் சின்ன ஆர் (r) என்று பதினொரு முறை எழுதியிருக்கிறான். அவை இரண்டும் இந்த வாளியில் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறைகூட அவன் தேடியதில்லை. பதினொரு முறை அவன் கணக்குப் போடவில்லை. ஒருமுறை போட்டுவிட்டுப் பத்து முறை பார்த்து எழுதியிருக்கிறான்.

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் படிப்பது இப்படித்தான். பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். மூன்றாவது தடவை பார்க்கும்போது வரிகள் பழகிய முகங்களைப் போலத் தெரிகின்றன. ‘இது எனக்குத் தெரியும்’ என்று மனம் சொல்கிறது. தெருவில் தினமும் பார்க்கும் மனிதரின் பெயரைக் கேட்டால் முழிப்போமே, அந்த மாதிரித் தெரிதல்தான் இது. தேர்வு அறையில் கேள்வித்தாள் முகத்தைக் கேட்பதில்லை, பெயரைக் கேட்கிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறை உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரே முறை உட்கார்ந்து படித்தது; பிறகு தாளை எடுத்துவைத்துவிட்டு, நினைவில் இருந்ததை மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவில் இருந்தது. மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம். இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. ‘ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

உங்கள் மகன் ஸ்லிப் டெஸ்டில் நன்றாக எழுதிவிட்டு அரையாண்டில் கோட்டைவிடுவதன் காரணம் இதில் இருக்கிறது. முந்தின இரவு பார்த்ததை மறுநாள் காலையில் எழுதிவிடலாம். அது ஐந்து நிமிடச் சோதனையின் உறவுக்காரன். மூன்று மாதத்துப் பாடத்தை ஒரே நாளில் கேட்கும்போது கை நின்றுவிடுகிறது.

எனவே செய்ய வேண்டியது இதுதான். உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் மளிகைக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிழித்த தாள்களை எறிய வேண்டாம். பழைய ஆண்டின் காலண்டர் கிடந்தால் அதுவும் ஆகும். ஒரு சிறிய பகுதியை, உதாரணமாக ஒளியியலில் குவிலென்ஸ், குழிலென்ஸ் வரும் நாலு பக்கத்தை, இருபது நிமிடம் கவனமாகப் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடி, எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும். காலண்டர் தாளின் வெற்றுப் பின்பக்கத்தில், நினைவுக்கு வருவதையெல்லாம் நீல மையில் எழுத வேண்டும், படம் இருந்தால் படத்தோடு. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் எதுவும் வரவில்லை என்று ஆனபிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் அதே தாளில் சேர்க்க வேண்டும். அந்தச் சிவப்பு வரிகள்தான் அன்று அவன் புதிதாகப் படித்த பாடம். நீலத்தில் இருப்பது ஏற்கெனவே அவனுடைய சொத்து.

முதல் நாலைந்து நாள் தாளில் பாதிகூட நிரம்பாது. ‘எனக்கு எல்லாம் மறந்துவிட்டதம்மா’ என்பான். பழைய முறைக்கே போய்விடுகிறேன் என்று அடம் பிடிப்பான், ஏனென்றால் பழைய முறை சுகமானது. நீங்கள் தளர்ந்துவிடாதீர்கள். தையல் கற்றுக்கொண்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். சொல்லிக்கொடுத்தவர் ரவிக்கைக்குத் துணி வெட்டுவதைப் பத்து முறை பக்கத்தில் நின்று பார்த்தபோது எல்லாம் தெரிந்தது போலத்தான் இருந்திருக்கும். கத்தரிக்கோல் உங்கள் கைக்கு வந்த அன்றுதான், கை பொருத்தும் இடத்தின் வளைவை எங்கே தொடங்குவது என்ற கேள்வியே பிறந்திருக்கும். நினைவில் துழாவித் தவிக்கும் அந்தச் சில நிமிடங்கள் வீணாகப் போவதாக அவனுக்குத் தோன்றும். பாடம் ஆழத்தில் இறங்குவது அந்த நிமிடங்களில்தான்.

‘எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துவிட்டது. எத்தனையோ தாய்மார்கள் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் படிப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பையன் தமிழ் வழியில் படிக்கிறான். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அது போதும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், சமூக அறிவியல் புத்தகத்தையோ அறிவியல் புத்தகத்தையோ நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களை ஒவ்வொன்றாக வாசித்துக் கேளுங்கள். பொத்தான் தைத்துக்கொண்டே கேட்கலாம். அவன் சொல்வது சரியா என்று சந்தேகம் வந்தால், அந்த இடத்தைப் புத்தகத்தில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். ‘எனக்குப் புரியவில்லை, ஏன் அப்படி?’ என்று நிஜமாகவே கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவனால் சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் முடிந்தது என்று குறித்துக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் படித்த பெற்றோரைவிட நீங்கள் ஒரு படி மேல். அவர்கள் பிள்ளை தடுமாறும்போதே விடையைச் சொல்லிவிடுவார்கள்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்தது இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைகள் கையில் அச்சுப் புத்தகம் ஏது? பாடத்தை வாயால் ஒப்பித்தார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை உட்கார்ந்து கேட்டான். எண்சுவடி வாய்பாடுகள் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வந்தன. ஒப்பித்தல் என்ற சொல்லை இன்று பொருள் தெரியாமல் உருப்போடுவதற்கு ஒதுக்கிவிட்டோம். பொருள் புரிந்துகொண்டு, பிறகு ஒருவர் எதிரில் புத்தகமின்றிச் சொல்வதைப் போல நல்ல படிப்பு இல்லை. உங்கள் வீட்டுச் சட்டாம்பிள்ளையாக நீங்கள் இருங்கள்.

அடுத்தது மறதி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் எழுதி வைத்தார். மறதி முதல் ஒரு நாளுக்குள் மிக வேகமாக நடக்கிறது, அதன்பின் மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஆகவே ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, அதையே மூன்று வேறு நாட்களில் ஒவ்வொரு மணி நேரம் தொடுவது அதிகப் பயன் தரும். செலவாகும் நேரம் ஒன்றுதான்.

இதற்கும் அந்தக் காலண்டரே உதவும். இன்று குவிலென்ஸ் படித்தான் என்றால், சுவரில் இருக்கும் காலண்டரில் தாள்களைப் புரட்டி, நாளை மறுநாள் தாளில் ‘லென்ஸ்’ என்று பென்சிலால் எழுதட்டும். அடுத்த வாரம் இதே கிழமையிலும், மூன்று வாரம் தள்ளி ஒரு நாளிலும் அதையே எழுதட்டும். இப்படித் தினமும் செய்துவந்தால், காலையில் தாள் கண்ணில் படும்போதே அன்றைக்கு எந்தப் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பாக்கியைத் தீர்ப்பது என்றால் மறுபடி படிப்பது இல்லை. மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார்ப்பது. மூன்றாவது முறை வரும்போது ஒரு பாடத்துக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காது.

பள்ளி நாளின் இரண்டரை மணி நேரத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். ஆறு மணிக்கு வந்ததும் முக்கால் மணி நேரம் படிப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது. சாப்பிடட்டும், தெருவில் நாலு பையன்களோடு நிற்கட்டும். ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை கணிதம், தினமும் தவறாமல். ஏழு நாற்பதிலிருந்து எட்டு இருபத்தைந்து வரை வேறு ஒரு பாடத்தில் புதிய பகுதி. சாப்பாடு. எட்டு ஐம்பதிலிருந்து அரை மணி நேரம் காலண்டர் பாக்கி. அதன்பின் அரை மணி நேரம் நீங்கள் கேள்வி கேட்பது. பத்து மணிக்குப் படுக்கை. கைப்பேசி இந்த நேரம் முழுவதும் உங்கள் தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கட்டும்.

கணிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், 41 என்பது அங்கேதான் என்பதால். பையன்கள் பயிற்சி 7.1ஐ எடுத்தால் அதில் உள்ள வளைபரப்புக் கணக்குகளை முதலிலிருந்து கடைசி வரை போடுவார்கள். மூன்றாவது கணக்குக்கு மேல் யோசிக்க எதுவும் இருக்காது. எந்தச் சூத்திரம் என்பதைப் பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. எட்டு இயல்களும் கலந்து வரும். 2007இல் ரோரர், டெய்லர் என்ற இருவர் இதையே சோதித்தார்கள், அதுவும் கன அளவுக் கணக்குகளை வைத்து. வகைவகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து போட்டவர்களுக்கு 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வகைவகையாகப் போட்டவர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63 சதவீதம்.

ஒரு பழைய எவர்சில்வர் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். முடித்த இயல்களின் கணக்கு எண்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அதில் போடட்டும். உங்கள் வெட்டுத்துணி குறிக்கும் அட்டை இருந்தால் அதைக்கூட நறுக்கலாம். தினமும் ஐந்து சீட்டு எடுக்க வேண்டும். எடுத்தவுடன் போடத் தொடங்கக் கூடாது. ‘இது எந்த இயல், என்ன வழி’ என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும். சரியாகப் போட்ட சீட்டு தனி டப்பாவுக்குப் போகட்டும், தவறியது திரும்ப உள்ளே போகட்டும். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2. அந்தக் கடைசி 16 மதிப்பெண் செய்முறை வடிவியலும் வரைபடமும். கை பழகிவிட்டால் அவற்றில் தவற வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தொடுகோடோ வடிவொத்த முக்கோணமோ ஒன்று, வரைபடம் ஒன்று, பெட்டியில் உள்ள கருவிகளோடு நேரம் பார்த்து வரையட்டும். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். கருவி சரியில்லாததால் மதிப்பெண் இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்துக்குத் தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டரை மணி நேரக் கணக்கில் சேராமல். தமிழில் 68 நல்ல மதிப்பெண். மனப்பாடப் பகுதிகளை மட்டும் பாக்கிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் போதும்.

பள்ளியில் ‘இன்னும் நேரம் போட வேண்டும்’ என்று சொன்னதற்காக ஆசிரியர்கள்மேல் கோபப்படாதீர்கள். நானும் அதையே சொல்லியிருக்கிறேன். ஒரு ஆண்டு தேர்ச்சி விகிதம் குறைந்துவிட்டது என்று மறு ஆண்டு காலை ஏழரைக்கும் மாலை ஐந்தரைக்கும் சிறப்பு வகுப்பு வைத்தோம். ஜனவரியில் ஒரு காலை வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கரும்பலகையைப் பார்த்தபடியே, கண் திறந்தபடியே, தூங்கிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாவது முறைதான் காதில் விழுந்தது. அவள் ஊரிலிருந்து முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அன்று மாலையே காலை வகுப்பை நிறுத்தச் சொல்லிப் பேசியிருக்க வேண்டும். நான் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடனைத்தான் உங்களுக்கு எழுதும் ஒவ்வொரு வரியிலும் தீர்க்கப் பார்க்கிறேன். வகுப்பாசிரியரை ஒருமுறை நேரில் பார்த்து, வாந்தி எடுத்ததையும் இந்தப் புதிய ஏற்பாட்டையும் சொல்லிவிடுங்கள். திருப்புதல் தேர்வுகளில் மதிப்பெண்ணைக் கொஞ்ச காலம் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருத்திய விடைத்தாளை மட்டும் கையில் வாங்கிவரச் சொல்லுங்கள். எங்கே விட்டான் என்பது அந்தத் தாளில் இருக்கிறது.

பொதுத்தேர்வு அட்டவணையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2025இல் தமிழ் மார்ச் 28, ஆங்கிலம் ஏப்ரல் 2, கணிதம் ஏப்ரல் 7, அறிவியல் ஏப்ரல் 11, சமூக அறிவியல் ஏப்ரல் 15 என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் நடுவே மூன்று நாலு நாள் கிடைத்தது. இதை அறிந்த பிள்ளைக்கு, எல்லாவற்றையும் முதல் நாளுக்கு முன்பே தலையில் ஏற்றியாக வேண்டும் என்ற பதற்றம் பாதி குறையும். அந்த நாட்களில் காலை இரண்டு மணி நேரம், பகலில் இரண்டு, மாலையில் இரண்டு. அதில் ஒரு தடவையாவது பழைய வினாத்தாள் ஒன்றை, தேர்வு நடக்கும் அதே பத்து மணிக்கு உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதிப் பார்க்க வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. அந்த இரவில் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மற்றபடி அவளுடைய மதிப்பெண்ணை உங்கள் வீட்டில் இனி யாரும் உச்சரிக்க வேண்டாம்.

அவன் அப்பா அடுத்த முறை வண்டியிலிருந்து போன் செய்யும்போது, ‘இன்றைக்கு எத்தனை மணி நேரம் படித்தான்?’ என்று கேட்பார். ‘தாளில் எத்தனை வரி நீலம், எத்தனை வரி சிவப்பு?’ என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். பையனே எடுத்துப் பேசட்டும்.

இன்று தொடங்கினால் பத்து நாளில் இருபது தாளாவது சேரும். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, ஊக்கு குத்தி, ஓர் உறையில் போட்டு எனக்கு அனுப்புங்கள். எந்தப் பாடத்தில் சிவப்பு குறையவில்லையோ அதற்கு என்ன செய்யலாம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பசி திரும்பியதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.